ஓடம் தோளேறிய நாடு

“ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்” என்பது நம் முதியோர் வாக்கு. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்பதை உணர்த்த எழுந்த பழமொழி அது. ஆயின், ஏறுவதற்கு வண்டியும் இன்றி, வண்டி செல்லத் தெருவும் இன்றி, ஓடமானது மனிதனுடைய தோளிலே ஏறிச் சென்ற நாடொன்று உண்டு. அங்கே அது ஒருநாட் செய்தியன்று. தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் நிகழ்ந்த செய்தி. அந்நாடு கனடா.

நேயர்களே! இன்று நம்முட் பலருக்குக் கனடா அயலூரைப் போல ஆகிவிட்டது. மகனோ, மருமகளோ, பேரப்பிள்ளையோ அங்கே வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் அனுப்பும் படங்களில் உறைபனியையும் வானளாவிய மாடங்களையும் கண்டு வியக்கிறோம். ஆனால் அந்நாட்டின் ஆறுகளைப் பற்றியும், அவ்வாறுகளின் வழியே சென்ற வள்ளங்களைப் பற்றியும் நாம் அறிந்தது மிகச் சொற்பம். கனடாவின் தேசப்படத்தை விரித்துப் பார்க்கும் மாணவன் மக்கென்சி ஆறு, பிரேசர் ஆறு, தொம்சன் ஆறு என்ற பெயர்களைப் படிப்பான். இப்பெயர்களை உடையோர் யாவர்? அவர்கள் வருமுன்னர் இவ்வாறுகளுக்குப் பெயர் இல்லையா? அவர்களை அவ்விடங்களுக்கு அழைத்துச் சென்றவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இவ்வாரம் நமது நோக்கம்.

பட்டையாற் செய்த படகு

கனடாவின் பெரும்பகுதி பாறையும் காடும் எண்ணற்ற ஏரிகளும் நிறைந்தது. கோடையிற் சேறும் மாரியில் உறைபனியும் மூடும் அந்நிலத்திலே தெரு அமைத்தல் அக்காலத்தில் இயலாத காரியம். எனினும் இயற்கை அங்கே வேறொரு வழியை வகுத்து வைத்திருந்தது. ஓர் ஏரியிலிருந்து ஓர் ஆறு. அவ்வாறு பயன்படாத இடத்திலே சிறிது தூரம் தரை. அதற்கப்பால் மற்றோர் ஏரி. இவ்வாறு நீரும் தரையும் மாறி மாறித் தொடரும் வழிக்கு, நீரிலே மனிதனைச் சுமக்கவும் தரையிலே மனிதனாற் சுமக்கப்படவும் தகுந்த கலமொன்று வேண்டும். அக்கலத்தை அந்நாட்டின் ஆதிக்குடிகள் பன்னெடுங் காலத்துக்கு முன்னரே ஆக்கி வைத்திருந்தனர்.

பேர்ச் எனப்படும் மரத்தின் பட்டையே அதன் உடல். வட இந்தியாவில் ஏடெழுதப் பயன்பட்ட பூர்ச்சப் பட்டையைப் பற்றி மாணவர் சிலர் படித்திருப்பர். அதே இனத்து மரமே இதுவும். பெரிய மரத்தின் பட்டையை உரித்தெடுத்து, சீடர் மரத்தின் மெல்லிய சட்டங்களை விலாவெலும்பு போல வளைத்து உள்ளே பொருத்துவர். ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் வேர்களைப் பிளந்து நாராக்கி, அந்நாரினாலே பட்டைகளைத் தைப்பர். தையல் வாய்களில் அம்மரத்தின் பிசினைக் கொழுப்புடனும் கரியுடனும் காய்ச்சிப் பூசுவர். ஆணி ஒன்றேனும் வேண்டியதில்லை. பட்டை தைப்பதும் பிசின் பூசுவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. பாறையில் மோதிப் படகு கிழிந்தால், அதைச் செப்பனிட வேண்டிய பட்டையும் வேரும் பிசினும் கரையிலுள்ள காட்டிலேயே கிடைத்தன.

ஐரோப்பியர் தம் நாட்டு வழக்கப்படி அமைத்த கனத்த மரப்படகுகள் இவ்வழிக்கு உதவவில்லை. ஆகவே அவர்களும் பட்டை வள்ளத்தையே கைக்கொண்டனர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கனூ’ என்ற சொல்லும் ஐரோப்பியருக்கு உரியதன்று. கரிபியன் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்ட சொல் அது. நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கற்றமரான்’ ஆனது போலவே, கலத்தோடு பெயரும் கடன் வாங்கப்பட்டது.

தொப்பிக்காக ஒரு தொழில்

ஐரோப்பியர் இத்துணைத் தொலைவு காட்டினுள்ளே செல்லக் காரணம் யாது? பொன்னுமன்று, மணியுமன்று, தொப்பி! ஆற்றிலே மரங்களால் அணைகட்டி வாழும் பீவர் என்னும் விலங்கின் உள்மயிரைக் கொண்டு செய்த தொப்பி, அந்நாளில் ஐரோப்பியக் கனவான்களின் தலைக்கு அணியாக விளங்கியது. அவ்விலங்கின் தோலை நாடி 1670ஆம் ஆண்டில் இலண்டனில் அரச பட்டயம் பெற்று எழுந்தது ஹட்சன் குடாக் கம்பனி. 355 ஆண்டுகள் நிலைத்திருந்து, 2025ஆம் ஆண்டிலே தன் கடைகள் யாவற்றையும் மூடிய அதே கம்பனிதான்.

அக்கம்பனியார் நீண்ட காலம் குடாக்கரையிலே கோட்டை கட்டிக்கொண்டு, தோல் தம்மை நாடி வருமெனக் காத்திருந்தனர். அவர்களுக்குப் போட்டியாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொன்றியல் நகரில் எழுந்த வடமேற்குக் கம்பனியாரோ, வள்ளமேறித் தோல் இருக்குமிடத்துக்கே சென்றனர். அவ்வள்ளங்களைச் செலுத்தியோர் பெரும்பாலும் பிரெஞ்சுக் கனடியக் குடியானவர். ஆதிக்குடியினர் பலரும் அவர்களோடு இருந்தனர். ‘வோயாஜர்’, அதாவது பயணிகள், என்று அவர்களுக்குப் பெயர்.

இனிய பெயர்தான், ஆயினும் வாழ்க்கை இனியதன்று. விடியுமுன் எழுந்து, நிமிடத்துக்கு ஐம்பது முறை வரை துடுப்பு வலித்து, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேலும் உழைத்தனர். ஏறக்குறைய ஒரு மணிக்கு ஒருமுறை புகைபிடிக்கச் சற்றே இளைப்பாறுவர். ஆகவே ஏரியின் அகலத்தை மைற் கணக்கிற் சொல்லாமல், ‘இத்தனை புகைக்குழாய்த் தூரம்’ என்று சொல்வது அவர் வழக்கம். நம் கரையோரத்துத் தொழிலாளர் அம்பா பாடி வலையிழுப்பது போல, அவர்களும் பாட்டுக்கு ஏற்பத் துடுப்பு வலித்தனர். உணவோ உலர்ந்த சோளமும் பன்றிக் கொழுப்பும். மேற்கே சென்றால் பெமிக்கன்; அதாவது காட்டெருதின் இறைச்சியை உலர்த்தி இடித்துக் கொழுப்போடு கலந்த கட்டி. அதுவும் ஆதிக்குடிகள் கற்பித்த உணவே.

சுமைவழி

நீர்வீழ்ச்சியோ, பாறைகளிடையே சீறிப் பாயும் வெள்ளமோ குறுக்கிட்டால் வள்ளத்தைக் கரையேற்றுவர். பண்டங்களும் வள்ளமும் தோளேறும். அவ்வாறு சுமந்து செல்லும் தரைவழிக்குப் பிரெஞ்சு மொழியில் ‘போர்ட்டேஜ்’ என்று பெயர். நாம் சுமைவழி எனலாம். ஒவ்வொரு பொதியும் 90 இறாத்தல் நிறையுடையது. நெற்றியிலே தோல்வாரை மாட்டி, முதுகிலே இரண்டு பொதிகளை ஏற்றிக்கொண்டு, 180 இறாத்தற் சுமையுடன் ஒருவன் பாதி ஓட்டமாகச் செல்வான். சேற்றிலே கால் புதையும், கொசு மொய்க்கும், கைகளோ பொதியைப் பிடித்திருக்கும். குடலிறக்கத்தால் மாண்டோரும், நீரில் மூழ்கி மாண்டோரும் அநேகர். கொடிய நீரோட்டங்களின் கரைகளில் அவர்களுக்காக நாட்டப்பட்ட மரச் சிலுவைகளை அக்காலப் பயணிகள் குறித்து வைத்திருக்கின்றனர்.

சுமைவழிகளுட் புகழ் பெற்றது சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரையிலுள்ள கிராண்ட் போர்ட்டேஜ். இன்று அது ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அடங்கும். பிஜன் ஆற்றின் வீழ்ச்சிகளைத் தவிர்த்துச் செல்லும் அவ்வழியின் நீளம் எட்டரை மைல். மொன்றியலிலிருந்து வந்த ஒவ்வொருவனும் எட்டுப் பொதிகளை அவ்வழியே சுமந்து சேர்ப்பது ஒப்பந்தக் கடமை. மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்! முறைக்கு இரண்டு பொதியாக நான்கு முறை சுமையுடன் செல்ல வேண்டும். இடையில் மூன்று முறை வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். ஆக ஏறக்குறைய 60 மைல் நடை.

யூலை மாதக் கூடல்

இக்கிராண்ட் போர்ட்டேஜிலேதான் ஆண்டுக்கு ஒருமுறை யூலை மாதத்திலே பெருங்கூடல் நிகழ்ந்தது. கிழக்கிலிருந்து 36 அடி நீளமான பெரிய வள்ளங்கள், ஏறக்குறைய மூன்று தொன் சுமையுடன், துணியும் கத்தியும் கேத்தலும் வெடிமருந்தும் கொண்டு வந்தன. மேற்கே காட்டில் மாரி முழுதும் தங்கியிருந்தோர் 25 அடி நீளமான சிறு வள்ளங்களில் தோல் கொண்டு வந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். முதலாளிமார் மண்டபத்தில் இருந்து கணக்குப் பார்த்தனர். தொழிலாளர் வெளியே கூடாரங்களிலும் கவிழ்த்த வள்ளங்களின் கீழும் உறங்கினர். பிடில் வாத்தியம் முழங்கியது, மதுவும் ஓடியது. சில வாரங்களிற் கூட்டம் கலைந்து, அவரவர் திசை நோக்கி வள்ளங்கள் விரைந்தன. 1803ஆம் ஆண்டளவில், எல்லைத் தகராறு காரணமாக, இக்கூடல் வடக்கேயுள்ள இடமொன்றுக்கு மாறியது. அவ்விடமே பின்னர் வில்லியம் கோட்டை எனப் பெயர் பெற்றது.

அக்கூடலிலே வேறொரு மக்களும் இருந்தனர். அவ்விடத்துக்கு உரியவரான ஒஜிப்வே மக்களே அவர். வள்ளம் கட்டத் தெரிந்தவர், பட்டையும் பிசினும் தந்தவர், ஏரிகளில் விளையும் காட்டரிசியை உணவாகக் கொடுத்தவர் அவர்களே. அந்தச் சுமைவழியும் வணிகர் வெட்டியதன்று. வணிகர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மக்களின் காலடி பட்டுத் தேய்ந்த பாதை அது. கம்பனிக் கணக்கேட்டிலோ அவர்களுடைய பெயர்கள் வாங்கல் விற்றல் பத்தியில் மட்டுமே இடம்பெற்றன.

வழி சொன்னவர்கள்

வணிகத்தோடு ஆராய்ச்சிப் பயணமும் வளர்ந்தது. அப்பயணங்களின் வரலாற்றைச் சற்றே ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். பெயர் பெற்றவர் ஒருவராகவும் வழி சொன்னவர் மற்றொருவராகவும் இருப்பர்.

ஹட்சன் குடாக் கம்பனியாரின் யோர்க் கோட்டைக்கு 1714ஆம் ஆண்டிலே தனடெல்தர் என்னும் இளம்பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். வடக்கே வாழும் சிப்பவயன் குலத்தவர். கிறீ குலத்தவரிடம் சிறைப்பட்டுத் தப்பியவர். அவ்விரு குலத்தாரிடையே நிலவிய பகையினால் வடக்கே வாணிகம் செல்ல முடியாதிருந்தது. மறு ஆண்டு கம்பனியார் அனுப்பிய தூதுக் குழுவுடன் அவர் சென்றார். பசியால் குழுவினர் பலர் பிரிந்து சென்ற பின்னும் மனந்தளராமல், தம் இனத்தவரைத் தேடிச் சென்று, குரல் கம்மும் வரை பேசி, இரு குலத்தாரையும் சமாதானத்துக்கு இணங்கச் செய்தார். 1717ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் நோயால் மாண்டார். கோட்டைத் தலைவர் ஜேம்ஸ் நைட் தமது நாட்குறிப்பில் அவர் மறைவுக்கு மிக வருந்தி எழுதினார். அக்குறிப்பிலும் அப்பெண்ணின் பெயர் இல்லை. ‘அடிமைப் பெண்’ என்றே அவர் சுட்டப்படுகிறார். பெயரைக் காத்துத் தந்தது அவருடைய இனத்தாரின் வாய்மொழி வரலாறு.

அடுத்து, சாமுவேல் ஹேர்ன். வடக்கே செம்பு விளையும் ஆறொன்று உண்டெனக் கேட்டு 1769இலும் 1770இலும் இருமுறை புறப்பட்டுத் தோற்றுத் திரும்பினார். இரண்டாம் முறை திரும்பும் வழியிலே குளிரிலும் பசியிலும் வாடிய அவரைக் கண்டு உதவியவர் மட்டொனபி என்ற சிப்பவயன் தலைவர். பெண்களை உடன் அழைத்துச் செல்லாமையே தோல்விக்குக் காரணம் என்று மட்டொனபி கூறினாராம். சுமை சுமப்போரும், கூடாரம் அடிப்போரும், உடை தைப்போரும் பெண்களே. அவர்களின்றி அந்நாட்டிற் பயணம் நடவாது என்பது அவர் வாதம். பெண்களின் மேல் ஏற்றப்பட்ட பாரத்தை எண்ணும்போது நமக்கு மனம் நோகிறது. ஆயினும் அவர்களின் உழைப்பே பயணத்தின் உயிர்நாடி என்பதை அவர் மறைக்கவில்லை. மட்டொனபியின் தலைமையிலே 1770 டிசெம்பரிற் புறப்பட்ட ஹேர்ன், 1771 யூலையில் கொப்பர்மைன் ஆற்றின் கழிமுகத்தை அடைந்து வடகடலைக் கண்டார்.

அப்பயணத்தில் ஒரு கொடுமையும் நிகழ்ந்தது. அவ்வாற்றங்கரையில் உறங்கிக்கொண்டிருந்த இன்யூவிற் மக்களை ஹேர்னுடன் சென்றோர் தாக்கிக் கொன்றனர். தம்மால் அதைத் தடுக்க இயலவில்லையென ஹேர்னே எழுதியிருக்கிறார். வழிகாட்டிகள் யாவரும் குற்றமற்றவர் என நாம் சொல்ல வரவில்லை. நன்மையும் தீமையும் கலந்த முழு மனிதர்களாக அவர்களையும் வரலாறு காட்ட வேண்டும் என்பதே நம் கருத்து. 1781இலும் 1782இலும் பரவிய பெரியம்மை சிப்பவயன் மக்களுட் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. தாம் நம்பியிருந்த கோட்டை 1782இல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது கேட்ட மட்டொனபி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஹேர்னுடைய நூல் 1795இல் அச்சேறி அவருக்குப் புகழ் தந்தது.

மக்கென்சி கண்ட இரு கடல்கள்

இனி, அலெக்சாண்டர் மக்கென்சி. ஸ்கொத்லாந்தின் லூயிஸ் தீவிற் பிறந்த இவர், வடமேற்குக் கம்பனியின் பங்காளி. 1789 யூன் 3ஆம் நாள் அதபாஸ்கா ஏரிக்கரையிலுள்ள சிப்பவயன் கோட்டையிலிருந்து பசிபிக் சமுத்திரத்தை நாடிப் புறப்பட்டார். மட்டொனபியோடு முன்னர்ப் பழகிய ‘ஆங்கிலத் தலைவர்’ எனப்பட்ட சிப்பவயன் ஒருவர், தம் மனைவியர் இருவருடன் மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். வழியிலே ஊருக்கு ஊர் வழிகாட்டிகள் சேர்ந்தனர். விரும்பாத சிலரை மக்கென்சி வற்புறுத்தியும் அழைத்துச் சென்றார். ஆறு மேற்கே திரும்பாமல் வடக்கே ஓடி, உறைபனி மிதக்கும் ஆர்ட்டிக் கடலிற் கொண்டுபோய் விட்டது. 102 நாட்களிற் பயணம் முடிந்தது. அவ்வாறு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கரையில் வாழும் டெனே மக்களோ அதை ‘டே சோ’ என்பர். பேராறு என்பது பொருள்.

மக்கென்சி சோர்ந்துவிடவில்லை. 1793 மே 9ஆம் நாள், 25 அடி வள்ளமொன்றில் ஒன்பது பேரையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு, பீஸ் ஆற்றின் வழியே மேற்கே புறப்பட்டார். மலையிலே வள்ளம் பாறையில் மோதிச் சிதைந்தது. ஒட்டுப் போட்டுச் சென்றனர். பின்னர் பிரேசர் ஆறு என வழங்கிய பெருநதியிலே இறங்கியபோது, அக்கரை மக்கள் அவரைத் தடுத்தனர். இவ்வாறு நெடிது, கொடிது, கடலுக்குச் செல்லத் தரைவழி ஒன்று உண்டு என்றனர். ஒருவர் மரப்பட்டையிலே நாட்டின் படத்தையே வரைந்து காட்டினார். மக்கென்சி அச்சொல்லைக் கேட்டார். அவருடைய பெருமைகளுள் இதுவும் ஒன்று. உள்நாட்டாரும் கரைநாட்டாரும் மீனெண்ணெய்ப் பண்டமாற்றுச் செய்ய நெடுங்காலமாக நடந்த பாதையிலே அவர் நடந்தார். நுகால்க் மக்கள் அவருக்கு மீனும் இருப்பிடமும் அளித்து, தம் மரத்தோணிகளில் ஏற்றிக் கடலை நோக்கி விட்டனர். அவர்களுடைய தோணியோட்டும் திறமையைக் கண்டு, தம்மினும் சிறந்தவர் இல்லையென எண்ணியிருந்த மக்கென்சியின் ஆட்களே வியந்தனர்.

கடற்கரைப் பாறையொன்றிலே, செந்நிறப் பொடியைக் கொழுப்பிற் குழைத்து, தம் பெயரையும், கனடாவிலிருந்து தரைவழியாக வந்ததையும், 1793 யூலை 22 என்ற நாளையும் அவர் எழுதினார். அவ்வெழுத்துகளைப் பிற்காலத்தார் பாறையிலேயே செதுக்கி வைத்தனர். பட்டையிலே படம் வரைந்தவருடைய பெயரோ எங்கும் இல்லை.

டேவிட் தொம்சனின் கதையும் இத்தகையதே. பதினான்காம் வயதில் கம்பனியிற் சேர்ந்து, ஒரு கண்ணில் ஒளியிழந்த பின்னும் விண்மீன்களை நோக்கி நிலமளந்து, மேற்குக் கனடாவின் பெரும்படத்தை 1814இல் முடித்தவர் அவர். 1799இல் அவர் மணந்த சார்லட் சிமால், கிறீ குலத் தாய்க்குப் பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளின் தாய். அப்பிள்ளைகளுட் சிறியோரையும் எடுத்துக்கொண்டு மலைகடந்து கணவருடன் சென்றவர். 1857இல் தொம்சன் வறுமையில் மாண்டார். மூன்று மாதங்களில் சார்லட்டும் மாண்டார். தொம்சன் ஆற்றுக்கு அப்பெயரை இட்டவர் பிரேசர். பிரேசர் ஆற்றுக்கு அப்பெயரை இட்டவர் தொம்சன். தம் பெயர் தாங்கிய ஆற்றைத் தொம்சன் ஒருநாளும் கண்டதில்லை!

இக்காலக் கூடல்கள்

1821இல் இரு கம்பனிகளும் ஒன்றாயின. காலப்போக்கில் நீராவிக் கப்பலும் புகைவண்டியும் வந்தன. வள்ளத்தின் வாணிகம் மறைந்தது. அதன் மேல் மக்கள் கொண்ட பற்று மறையவில்லை. கனடாக் கூட்டாட்சியின் நூற்றாண்டு விழாவை ஒட்டி 1967இல் நிகழ்ந்த வள்ளப் பயணம் யாவரும் அறிந்தது. மேற்கேயுள்ள ரொக்கி மவுண்டன் ஹவுஸ் என்னும் ஊரிலிருந்து பத்துக் குழுவினர் மே 24ஆம் நாள் புறப்பட்டு, 3,283 மைல் கடந்து, 104ஆம் நாளாகிய செப்டெம்பர் 4இல் மொன்றியலை அடைந்தனர். மனிற்றோபா மாகாணத்தார் முதலிடம் பெற்றனர். ஊர்தோறும் மக்கள் கரையில் நின்று வரவேற்றனர். விழாவின் பெருமை முழுவதும் பழைய வணிகப் பயணிகளையே சார்ந்திருந்தது.

1980களில் ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் யோர்ஜ் லஸ்ட் என்பார் காட்டாற்று வள்ளப் பயணிகளுக்கென ஆண்டுக் கூடலொன்றைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தினார். மாரிக் காலத்தில், ஆறுகள் உறைந்து கிடக்கும்போது, பயணிகள் மண்டபத்திற் கூடித் தாம் கண்ட ஆறுகளைப் பற்றியும் பழைய பயணிகளின் ஏடுகளைப் பற்றியும் உரையாடினர். ஒன்ராறியோ மாகாணத்துப் பீற்றர்பரோ நகரிலுள்ள கனடிய வள்ள நூதனசாலையோ அறுநூறுக்கு மேற்பட்ட கலங்களைக் காத்து வருகிறது. 2024இல் அது ஏரிக்கரையிலே புதிய கட்டிடத்திற் குடியேறியது.

கிராண்ட் போர்ட்டேஜிலும் பழைய மண்டபம் மீண்டும் கட்டப்பட்டுள்ளது. அந்நிலத்தைத் தேசிய நினைவிடத்துக்கு வழங்கியவர்கள் ஒஜிப்வே மக்களே. ஆகஸ்டு மாதத்தில் அங்கே பழைய கூடலை நினைவூட்டும் விழா நடைபெறும்போது, அவர்களுடைய ஆடலும் பாடலும் நிறைந்த குலவிழாவும் அதே நாட்களில் அருகே நடைபெறுகிறது. கணக்கேட்டின் ஓரத்தில் நின்றவர்கள் இன்று விருந்தோம்பும் வீட்டுக்காரராக நிற்கின்றனர்.

கரையேற அனுமதி

இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது மேற்குக் கரையிலே எழுந்த கூடல். பேர்ச் மரப் பட்டையை அன்றி, பெரிய சீடர் மரத்தைக் குடைந்து கடற்றோணி செய்வோர் அக்கரை மக்கள். அவர்கள் கூடி விருந்தளித்து உறவு போற்றும் ‘பொட்லாட்ச்’ என்னும் சடங்கைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுத்திருந்தது. பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தாய்மொழி இழந்தனர். தோணி குடையும் கலையும் மங்கிற்று.

1989இல் ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் நூற்றாண்டு விழா கொண்டாடியது. அவ்விழாவிலே ஆதிக்குடியினர் தம் தோணிகளைக் குடைந்து சியற்றல் நகருக்குச் செலுத்திக் காட்டினர். அங்கே வந்திருந்த ஹெயில்ட்சுக் மக்கள், நான்கு ஆண்டு கழித்துத் தம் ஊராகிய பெல்லா பெல்லாவுக்கு வருமாறு யாவரையும் அழைத்தனர். 1993இல் தோணிகள் வந்து குவிந்தன. மக்கென்சி அப்பகுதிக் கடலைக் கண்ட இருநூறாம் ஆண்டும் அதுவே! அதன்பின் ஆண்டுதோறும், இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, ஒவ்வொரு குலத்தார் ஊரிலும் தோணிகள் கூடி வருகின்றன. இளைஞர் வாரக்கணக்கில் துடுப்பு வலித்து வருவர். மதுவுக்கு அங்கே இடமில்லை.

தோணி ஊரை அடைந்ததும் நேரே கரையில் ஏறாது. நீரிலே நிற்கும். தோணியில் வந்தவருள் ஒருவர் எழுந்து, தாம் யார், எக்குலத்தார், எங்கிருந்து வருகிறார் என்பதைச் சொல்லி, கரையேற அனுமதி கேட்பார். கரையில் நிற்கும் ஊர்த்தலைவர் வரவேற்று விடை கொடுத்த பின்னரே தோணி கரையேறும். தெரிந்த வீடாயினும் படலையில் நின்று குரல் கொடுத்து, வீட்டாரின் சொற்கேட்டு உள்ளே செல்லும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அக்கரைகளைக் ‘கண்டுபிடித்தோம்’ என எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் மறந்த மரியாதை அது.

மக்கென்சியும் ஹேர்னும் தொம்சனும் வீரர் அல்லர் எனச் சொல்வது நம் நோக்கமன்று. அவர்தம் துணிவும் பொறுமையும் போற்றத் தக்கவை. அவர்கள் எழுதி வைத்த ஏடுகளாலேயே மட்டொனபி போன்றோரை நாமும் அறிகிறோம். ஆயின் ‘கண்டுபிடித்தார்’ என்ற ஒரு சொல்லைப் பரீட்சைத் தாளில் எழுதுமுன் மாணவன் ஒரு கணம் நிற்றல் நன்று. வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டார் எனப் படிக்கிறோம், ஆபிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியில் ஏற்றிக்கொண்ட வழிகாட்டி ஒருவரே அவரைக் கோழிக்கோட்டுக்குக் கொண்டு சேர்த்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் வரலாறு குறைந்துவிடாது, நிறைவடையும்.

ரொறன்ரோ நகரின் கிழக்கே, நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோவின் எல்லையிலே, ரூஜ் என்னும் ஆறு ஓடி ஒன்ராறியோ ஏரியிற் கலக்கிறது. அந்த ஆற்றோரமாகவும், நகரின் மேற்கேயுள்ள ஹம்பர் ஆற்றோரமாகவும் வடக்கே சிம்கோ ஏரி நோக்கிச் சென்றது ஒரு பழைய சுமைவழி. ஆதிக்குடிகள் வள்ளத்தைத் தோளிலேற்றி நடந்த அவ்வழி அறியாமல், அதன் மேலமைந்த தெருக்களில் நம் பிள்ளைகள் நாள்தோறும் சென்று வருகின்றனர். அடுத்தமுறை அங்கிருந்து பேரனோ பேத்தியோ தொலைபேசியிற் பேசும்போது, அவ்வாற்றின் பழைய மக்கள் யாரென்று கேட்டுப் பாருங்கள். தெரியாதென்று சொன்னால், தேடிப் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். குடியேறி வாழும் நாட்டின் மூத்த குடிகளை அறிவது, அவ்வீட்டுப் படலையில் நின்று குரல் கொடுப்பதற்கு ஒப்பாகும்.